யார் சொல்ல வேண்டிய செய்தி: பதின்ம வயதினர் கையில் ‘சைமன்’ நாவல்

பெக்கி ஆல்பர்ட்டாலி எழுதி 2015இல் வெளிவந்த ‘சைமன் வெர்சஸ் தி ஹோமோ சேபியன்ஸ் அஜெண்டா’ ஏறக்குறைய 300 பக்க ஆங்கில நாவல். சிங்கப்பூரில் உயர்நிலை 2 படிக்கும் பிள்ளை வெள்ளிக்கிழமை மாலை கையில் எடுத்தால் ஞாயிறு இரவுக்குள் முடித்துவிடும். முடித்த கையோடு யாரிடமாவது அதைப் பற்றிப் பேசத் துடிக்கும். இங்குள்ள தமிழ் வீடுகளில் அந்தப் பேச்சுக்கு இடம் இருக்கிறதா, சமூக மன்றத்திலோ நூலகத்திலோ வாசிப்பு வட்டம் நடத்துபவர்கள் இதைத் துணிந்து எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக இந்த மதிப்புரை. எடுக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. வயது 14 நிறைந்திருக்க வேண்டும், நடத்துபவர் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும்.

கதை இதுதான். அட்லாண்டா நகரின் புறப்பகுதியில் வாழும் 16 வயது சைமன் தன்பாலீர்ப்பு உள்ளவன். வீட்டுக்கும் தெரியாது, நண்பர்களுக்கும் தெரியாது. அதே பள்ளியில் படிக்கும், ‘புளூ’ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பையனோடு அவனும் புனைபெயரில் மின்னஞ்சல் எழுதிக்கொள்கிறான். பள்ளிக் கணினியில் கணக்கை மூடாமல் எழுந்து போய்விடுகிறான். அடுத்து அங்கே வந்து உட்காரும் மார்ட்டின் அந்தக் கடிதங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறான். சைமனின் தோழி ஏபியோடு தன்னைச் சேர்த்துவைக்கச் சொல்லி மிரட்டுகிறான். முதல் பக்கத்திலேயே மிரட்டல் வந்துவிடுவதால் வாசகர் உள்ளே விழ நேரமாவதில்லை. ‘புளூ’ யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

ஆசிரியர் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றியவர், பதின்ம வயதினரோடு பழகியவர். அது உரையாடல்களில் தெரிகிறது. இளையர் இலக்கியத்தில் முதல் நூலுக்கு வழங்கப்படும் வில்லியம் மோரிஸ் விருது 2016இல் இதற்குக் கிடைத்தது.

பிள்ளைகள் எங்கே சிரிக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் சிரிக்கும் இடம் வேறு. பெரியவர்களுக்கு அப்பா அம்மாவின் அசட்டுத்தனங்கள் பிடிக்கின்றன. பிள்ளைகளுக்குச் சைமன் தன் மூளைக்குள் நடத்தும் பேச்சு பிடிக்கிறது: ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டு ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வெட்கப்படுவது, பதில் வராத நேரத்தில் உலகம் முடிந்துவிட்டதுபோல் நடந்துகொள்வது, தான் ரகசியமாக வைத்திருப்பதை எல்லோரும் முகத்தில் படித்துவிடுவார்கள் என்று பயப்படுவது. ஈர்ப்பு யார்மீது என்பதைத் தாண்டி இந்தச் சிரிப்பு எல்லாருக்கும் பொது. தன் வகுப்புப் பெண்ணை ரகசியமாக விரும்பும் பையனும் அதே பக்கத்தில் சிரிக்கிறான், அடுத்த பக்கத்தில் அமைதியாகிவிடுகிறான். நாவலின் பலம் அங்கேதான் இருக்கிறது.

14 வயதினர் இதைத் துப்பறியும் கதையாகவே படிக்கிறார்கள். ‘புளூ’ தன்னைப் பற்றிக் கசியவிடும் சின்னச் சின்னத் தகவல்களைக் குறித்துவைத்து, ஒவ்வொரு பாத்திரத்தோடும் பொருத்திப் பார்ப்பார்கள். தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வாதாடுவார்கள். அவசரப்பட்டு ‘கருத்துக்கு’ இழுத்துவரத் தேவையில்லை. யாரைச் சந்தேகித்தோம், யாரைச் சந்தேகிக்கவே இல்லை, ஏன் என்று பின்னால் கேட்டால் நல்ல பேச்சு தானாக வரும். ஒருவரை வெளித்தோற்றத்தை வைத்து நாம் எப்படி ஊகிக்கிறோம் என்ற விஷயத்துக்குப் பிள்ளைகள் அவர்களாகவே வந்து சேர்கிறார்கள்.

15, 16 வயதில் வாதம் மார்ட்டினைச் சுற்றி நடக்கிறது. மார்ட்டின் கொடியவனாக எழுதப்படவில்லை. கோமாளித்தனம் உள்ளவன், நாடகத்தில் சிரிக்கவைப்பவன், சைமனோடு நட்பாகவே பேசுகிறவன். அதனால் முதல் பாதியில், “அவன் சும்மா விளையாடுறான்” என்று ஒரு தரப்பு அவன் பக்கம் நிற்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பள்ளியின் வதந்திப் பக்கத்தில் அவன் சைமனைப் பற்றிப் பொதுவில் எழுதிய பிறகு அதே தரப்பு வாயடைத்துப்போகும். நகைச்சுவை எந்த இடத்தில் வன்முறையாக மாறியது என்று பக்கம் புரட்டித் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லோரும் முதல் அத்தியாயத்துக்கே திரும்பி வருவார்கள்.

பெரியவர்கள் இந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது ‘இது பாலுறவைப் பற்றி என்ன கற்றுக்கொடுக்கிறது’ என்று தேடுகிறார்கள். பிள்ளைகள் தேடுவது வேறு: என்னைப் பற்றிய செய்தியை எப்போது, யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்பது யார் கையில் இருக்கிறது? மார்ட்டின் திருடியது அந்த உரிமையைத்தான். சைமன் முதலில் ஏபியிடம் சொன்னான் என்று தெரிந்ததும் நெடுநாள் தோழி லியா காயப்படுகிறாளே, அந்தக் கோபத்தைப் பெரியவர்கள் கடந்துபோய்விடுவார்கள். பெண் வாசகர்கள் அந்த இடத்தில் நிற்பார்கள். உற்ற தோழிக்குக் கடைசியாகத் தெரிவது துரோகமா, அல்லது நெருக்கம் அதிகமுள்ள இடத்தில்தான் பயமும் அதிகமா? ஒரு அமர்வு முழுக்க இதற்கே போதாது.

சைமனின் அப்பா கேலிப் பேர்வழி. தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றியும் வீட்டில் நகைச்சுவை பேசியவர். மகன் அப்படிப்பட்டவன் என்று தெரிந்தபின் அந்தப் பழைய சிரிப்புகள் அவருக்கே கனமாகின்றன. தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பகுதியைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். குடும்ப நிகழ்ச்சிகளில் மாமா, சித்தப்பாமார் சொல்லும் துணுக்குகள், தமிழ்ப் படங்கள் பல காலமாகப் பெண்மை கலந்த ஆண்களை வைத்துச் செய்துவந்த நகைச்சுவை, எல்லாமே பேச்சில் வந்துவிடும். அந்த மேசையில் சிரித்தவர்களில் யாருக்கு உள்ளே வலித்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதை நாவல் ஒரு அறிவுரையும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

இனிப் பெற்றோர் கேட்பவை. படுக்கையறைக் காட்சி இல்லை. முத்தமும் ஏக்கமும் உண்டு, பேச்சிலும் நினைப்பிலும் பாலுணர்வைப் பற்றிய வெளிப்படையான குறிப்புகள் உண்டு. அதைவிட அதிகமாக உறுத்தக்கூடியவை இரண்டு. ஒன்று, ஆங்கிலக் கெட்ட வார்த்தைகள் நாவல் முழுக்கத் தாராளமாக வருகின்றன. சத்தமாக வாசிக்கும் வட்டங்களில் இதை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் மூன்றாம் பக்கத்திலேயே சங்கடம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு, அட்லாண்டாவில் ஓர் இரவு சைமன் வயதுக்கு மீறிக் குடித்துவிட்டு, கல்லூரி வயது இளைஞன் ஒருவனோடு பேசிக்கொண்டிருக்கும் பகுதி. நாவல் அதை லேசான தொனியில் எழுதுகிறது, ஆபத்தை அழுத்திச் சொல்லவில்லை. இங்கே நடத்துபவர் தலையிட வேண்டும்: அறிமுகமில்லாத பெரியவர், போதை, வீட்டுக்குத் தெரியாத இடம் என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டாலே போதும்.

சிங்கப்பூரில் இதைப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சட்டக் கேள்விகள் வரும். நடத்துபவர் தடுமாறக்கூடாது. ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29இல் முடிவெடுத்தது, 2023 ஜனவரி 3 முதல் அந்தப் பிரிவு இல்லை. திருமணத்தின் இப்போதைய வரையறை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகாதபடி அரசமைப்பும் அந்த நாளிலேயே திருத்தப்பட்டது. இந்த நாவலைத் தழுவி 2018இல் வந்த ‘லவ், சைமன்’ திரைப்படத்துக்கு இங்கே ஆர்21 வகைப்பாடு. “படம் பார்க்க 21, புத்தகம் படிக்க வயது இல்லையா?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். திரைப்படத்துக்கு வயது வகைப்பாடு கட்டாயம், நூல்களுக்கு அப்படி ஒரு முறை இல்லை என்பதுதான் பதில். அதோடு பேச்சை மூடிவிடாமல், அந்த வேறுபாடு சரியா என்று அவர்களிடமே விடுங்கள். மார்ட்டின் செய்ததற்கும் இங்கே ஒரு சட்டப் பக்கம் உண்டு. 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் விரிவாக்கப்பட்டு, ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் குற்றம். டெலிகிராமில் பெயரை மறைத்து எழுதும் ‘கன்ஃபெஷன்’ பக்கங்களோடு இதைப் பிள்ளைகளே பொருத்திப் பார்ப்பார்கள்.

பள்ளிகளில் பாலியல் கல்வி தொடக்கநிலை 5இலிருந்து உண்டு. வேண்டாமென்று விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமையும் உண்டு. எனவே வட்டம் தொடங்கும் முன் பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புவது நாகரிகம் மட்டுமல்ல, பாதி வழியில் ஒரு பிள்ளை காணாமல் போவதையும் அது தடுக்கும். கடிதத்தில் கதையை மூன்று வரியில் எழுதுங்கள். கெட்ட வார்த்தை, குடி, முத்தம் என்று மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘எந்தப் பிள்ளையிடமும் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்க மாட்டோம்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பெற்றோரின் பயத்தில் பெரும்பகுதி அந்த வரியிலேயே கரைந்துவிடும்.

வட்டத்துக்கு 6 முதல் 8 பேர் போதும். 10ஐத் தாண்டினால் இருவர் இருவராகக் குசுகுசுத்துக்கொள்ளத் தொடங்குவார்கள். பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், ஒருவர் பேச்சை நடத்த, மற்றவர் முகங்களைக் கவனிக்க. நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 75 முதல் 90 நிமிடம். ஹாலோவீன் விருந்து வரை முதல் அமர்வு, கிறிஸ்துமஸ் விடுமுறை வரை இரண்டாவது, பள்ளி நாடகம் வரை மூன்றாவது, மீதி நான்காவது. மூன்றாவதுதான் கடினம். நாடக ஒத்திகையில் இருவர் சைமனைக் கேலி செய்யும் காட்சி அங்கே வருகிறது. கேலிக்கு ஆளான பிள்ளை அறையில் இருந்தால் அன்று அது பேசாது. பேசவைக்க முயலாதீர்கள்.

முதல் அமர்வில் பத்து நிமிடம் ஒதுக்கி அமெரிக்கப் பள்ளிச் சங்கதிகளைச் சொல்லிவிட வேண்டும்: ‘ஹோம்கமிங்’ என்றால் என்ன, ‘டம்ளர்’ தளம் எப்படி இருந்தது, சைமன் ஹாலோவீனுக்குப் போடும் ஹாரி பாட்டர் வேடம் எது. இதைத் தவிர்த்தால் நகைச்சுவையில் கால்வாசி கை நழுவிவிடும். இன்றைய பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் காதல் என்பதே பழங்காலமாகத் தெரியும். ஆனால் கணக்கை மூடாமல் எழுந்துபோன கணினியை விளக்கவே வேண்டாம். பள்ளி மடிக்கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்தபடி விட்டுப்போவது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்த பயம்.

மின்னஞ்சல் பகுதிகளைச் சத்தமாக வாசிக்கும்போது பெரும்பாலான வட்டங்கள் கெடுகின்றன. ஒரு பையனைச் சைமனாகவும் இன்னொருவனை ‘புளூ’வாகவும் வாசிக்கச் சொன்னால் அந்த இருவரின் பெயரும் அடுத்த நாள் பள்ளியில் சேர்ந்து ஒலிக்கும். பாத்திரம் பிரிக்காதீர்கள். ஆண், பெண் பாராமல் உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஆளுக்கு மூன்று வரி, வாக்கியம் பாதியில் நின்றாலும் அடுத்தவர் தொடரட்டும். யாருடைய குரலும் யாருடைய பாத்திரத்தோடும் ஒட்டாது.

கேள்விகளை எழுதி வாங்கும்போது இன்னொரு கோளாறு நேரும். ‘கேள்வி இருப்பவர்கள் எழுதுங்கள்’ என்றால் எழுதுகிறவர் யார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு தாள், ஒரே நிறப் பேனா கொடுங்கள். கேள்வி இல்லாதவர் அந்த அமர்வில் பிடித்த வரியைத் தாளில் எழுதட்டும். எல்லாப் பேனாவும் ஒரே நேரத்துக்கு ஓட வேண்டும். தாள்களை நடத்துபவர் மட்டும் படித்து, தன் சொற்களில் கேட்டுவிட்டு, அன்றே கிழித்துப் போட வேண்டும். கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். வட்டத்துக்கென வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். அங்கே நடக்கும் பேச்சை ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். அப்புறம் நாவல் எதைப் பற்றி எச்சரித்ததோ அதை வட்டமே செய்துவிடும்.

‘நீ சைமனாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்ற கேள்வியை விலக்குங்கள். பதில் சொன்னாலும் சந்தேகம், சொல்லாவிட்டாலும் சந்தேகம். ‘சைமனுக்கு அந்த நேரத்தில் எத்தனை வழிகள் இருந்தன?’ என்று கேளுங்கள். ‘மார்ட்டின் கேட்ட மன்னிப்பில் எது குறைகிறது?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் பாத்திரத்தின் பின்னால் நின்று தங்கள் எண்ணத்தைச் சொல்வார்கள். தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினாலும் தடுக்க வேண்டாம்.

அமர்வு முடிந்து எல்லோரும் போனபின் ஒரு பிள்ளை தயங்கி நின்று தன்னைப் பற்றிச் சொல்லக்கூடும். அதற்குத் தயாராக இல்லாதவர் இந்த நாவலை எடுக்கக்கூடாது. கேட்டுக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், இது வேறு யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரிவதை நீ விரும்புகிறாய் என்று கேளுங்கள். நல்லெண்ணத்தோடு அம்மாவுக்குத் தொலைபேசி செய்வதும் மார்ட்டின் செய்ததன் வேறொரு வடிவம்தான். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு, அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். பள்ளி ஆலோசகர் இருக்கிறார். ‘சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்’ அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்த விஷயத்துக்கென்றே ஆலோசனை தரும் ‘ஊகாசாகா’ 1999 முதல் இங்கே இருக்கிறது.

குறைகளும் உண்டு. சைமனின் உலகம் மிகவும் வசதியானது. அம்மா உளவியலாளர், வீட்டில் தனி அறை, பரந்த மனம் கொண்ட நண்பர்கள். நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தம்பியோடும் பாட்டியோடும் ஒரே அறையைப் பகிரும் பிள்ளைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு மின்னஞ்சல் எழுதுவதே ஆடம்பரமாகத் தோன்றும். பாட்டி, அத்தை, கோயில், ஊரில் இருக்கும் பங்காளிகள் என்று விரியும் உறவு வட்டம் நாவலில் இல்லவே இல்லை. “அப்பா அம்மா ஒத்துக்கிட்டாலும் ஊர் என்ன சொல்லும்” என்ற கேள்விக்கு சைமனிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவனுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. முடிவும் சர்க்கரைப் பாகு. எல்லாக் காயமும் கடைசி 40 பக்கங்களில் ஆறிவிடுகிறது. பிள்ளைகளில் சிலர் இதை ஏமாற்று என்பார்கள், சிலர் இப்படி ஒரு கதையாவது இனிதாக முடியட்டுமே என்பார்கள். இரண்டாவது தரப்பை எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். இந்த விஷயத்தில் துயர முடிவுகளே அதிகம் எழுதப்பட்டிருக்கின்றன.

நான்காவது அமர்வுக்குக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று. இப்படிப்பட்ட கதையை எழுத இவருக்கு என்ன உரிமை என்று ஆண்டுக்கணக்கில் கேள்விக்கு உள்ளான ஆல்பர்ட்டாலி, 2020 ஆகஸ்ட்டில் தான் இருபாலீர்ப்பு உள்ளவர் என்று பொதுவில் எழுதினார். தான் விரும்பிய நேரத்தில், விரும்பிய விதத்தில் அது நடக்கவில்லை என்பதையும் சொன்னார். நாவலின் நாயகனுக்கு நேர்ந்தது எழுதியவருக்கும் நேர்ந்தது. ‘நல்ல நோக்கத்தோடு’ கேள்வி கேட்ட வாசகர்கள் மார்ட்டினிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மார்ட்டினை எளிதாகத் திட்டியவர்களும் இங்கே யோசிப்பார்கள்.

பிரதி தேடுபவர்கள் நூலகச் செயலியில் தலைப்பைப் போட்டு, எந்தக் கிளை, எந்தப் பிரிவு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2014 ஜூலையில் ஆண் பென்குயின் இணை குஞ்சு வளர்க்கும் கதை உட்பட இரண்டு படநூல்கள் சிறுவர் பகுதியிலிருந்து பெரியோர் பகுதிக்கு மாற்றப்பட்டன. இத்தகைய நூல்கள் நீங்கள் நினைத்த அலமாரியில் இல்லாமலிருக்கலாம். இரவல் காலம் 21 நாள், நான்கு வார வட்டத்துக்கு அது போதாது, ஒருமுறை நீட்டித்துக்கொள்ள வேண்டும். அட்டையை வீட்டில் காட்டத் தயங்கும் பிள்ளைக்கு மின்னூல் வசதி. ஆனால் பக்க எண் ஒத்துவராது, அத்தியாய எண்ணைச் சொல்லியே பேசுங்கள். மைக்கேல் கிரவுச் வாசித்த ஒலிநூலும் உண்டு. ஆங்கில வாசிப்பில் வேகம் குறைந்தவர்கள் கேட்டுக்கொண்டே படித்தால் நகைச்சுவையின் ஏற்ற இறக்கம் பிடிபடும். லியாவின் கோபத்தில் நின்றுவிட்ட வாசகிகளுக்கு அவளையே நாயகியாக்கி 2018இல் வந்த ‘லியா ஆன் தி ஆஃப்பீட்’டைக் கொடுக்கலாம். அது இதைவிடக் கரடுமுரடானது, 16க்கு மேல் சரியாக இருக்கும்.